அந்த ஷெட்டு கிட்டை ஆர்டர் போடாத பாப்பா

பாப்பா,

நம்ம தோட்டத்துல ஓடுற பொம்மை ரயிலுக்குன்னு நீ போன்ல காட்டுன அந்த ரெடிமேட் இஞ்சின் ஷெட்டு கிட்டை ஆர்டர் போட்டுறாத. போட்டிருந்தேன்னா இன்னைக்கே கேன்சல் பண்ணு. வாய்ல சொன்னா நீ சரிம்மா சரிம்மான்னுட்டு பொறந்தநாளுக்கு சர்ப்ரைஸ்னு அனுப்பி வச்சிருவ, அதான் ஒக்காந்து டைப் பண்ணுதேன், முழுசா படி.

நல்லா இல்லன்னு சொல்லல. பலகச் சுவரு, குத்துச் சரிவா எறங்குற கூரை, சின்னச் சின்ன ஜன்னலு, இறுக்கி மூடுற ரெட்டக் கதவு, பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கூரை அவ்ளோ சரிவா இருக்கது எதுக்கு, பனி மேல தங்காம வழுக்கி விழணும்னு. கதவு எதுக்கு, ராத்திரி குளிர்ல இஞ்சின் குழாய்ல தண்ணி ஒறஞ்சு வெடிச்சுறக்கூடாதுன்னு. அம்பைல என்னைக்குட்டி பனி கொட்டுச்சு? நம்ம தோட்டத்துல வாழைக்கும் முருங்கைக்கும் நடுவுல அது நின்னா, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் நாத்து நட எறங்குன மாதிரி இருக்கும். இங்க ஷெட்டுக்கு எதிரி வெயிலும் புகையும்தான். அதனால பக்கவாட்டுல தொறந்து கெடக்கும், முகட்டுல காத்துப் போக வழி விட்டிருக்கும்.

இன்னொன்னு. நீ வாங்கிக் குடுத்த ரயிலோட தண்டவாளம் 45 மில்லி அகலம். ஸ்கேலு 22.5-ல ஒண்ணு. 1000-த்த 22.5-ஆல வகுத்துப் பாரு, 44.4 வரும். அதாவது அது மீட்டர்கேஜு, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லி, ஒரு மீட்டர் இருக்க பாதை, சுத்தமா நம்ம ஊரு பழைய பாதை. எல்ஜிபிங்கற பொம்மை ரயில் கம்பெனி 1968-ல ஜெர்மனி நூரம்பர்க்ல இத ஆரம்பிச்சப்ப ஆல்ப்ஸ் பக்கத்து மீட்டர்கேஜ மனசுல வச்சுத்தான் பண்ணிருப்பாவ, ஆனா எனக்கு அது திருநவேலி - தென்காசி - செங்கோட்டை பாதைதான். நீ குடுத்த ஸ்டெய்ன்ஸ் இஞ்சின் அசல்ல ஆஸ்திரியாவுல 760 மில்லி பாதையில ஓடுனதாம், அதையே இந்த 45 மில்லில ஓட விடுதாவ, அவங்களே அவ்ளோ கறாரா பாக்கல, நான் என் ஷெட்டை எங்கூரு ஷெட்டா கட்டுனா யாரு கேக்கப் போறா. 1904-ல மலையக் கொடஞ்சு கொல்லத்துக்குப் போட்ட பாதை, 2010-ல மூடி, 2018-ல ப்ராட்கேஜா தொறந்துட்டாவ, நல்லதுதான், ஆனா நம்ம பக்கத்துல மீட்டர்கேஜ இனிமே நம்ம தோட்டத்துலதான் பாக்க முடியும்.

ஒங்க தாத்தா செங்கோட்டை லோகோ ஷெட்டுல ஃபிட்டரு. மலையேறுற வண்டிக்குப் பின்னால தள்ளிவிட இன்னொரு இஞ்சின் போடணும்லா, அதனால அங்க எந்நேரமும் நீராவி ஏத்தி இஞ்சின் தயாரா நிக்கும். தூக்குவாளில சோறு கொண்டு போன சாக்குல நான் எவ்ளோ பாத்திருக்கேன்னு ஒனக்குத் தெரியாது. இப்ப கட்டுறது அந்த ஷெட்டோட அச்சு அசல்னு சொல்ல மாட்டேன். நம்ம பக்கத்து மீட்டர்கேஜ் ஷெட்டு ஒண்ணு எப்படி இருக்குமோ அப்படி.

நீளம் ஒரு மீட்டர் வச்சிருக்கேன். ஒய்பிங்கற மீட்டர்கேஜ் நீராவி இஞ்சின், பின்னால கரியும் தண்ணியும் வைக்குற டெண்டரோட சேத்து அசல்ல சுமாரா 19 மீட்டர், ஸ்கேலுக்கு 85 சென்டிமீட்டர் வருது, முன்னயும் பின்னயும் ஆளு நடக்க எடம் வேணும்லா. ஒங்கப்பா, ஒரு சாண் இஞ்சினுக்கு ஒரு மீட்டர் ஷெட்டான்னு கேக்காவ. ஷெட்டு இஞ்சினுக்காக இல்ல, இஞ்சின்தான் ஷெட்டுக்காகன்னு சொன்னேன், சிரிச்சுட்டுப் போயிட்டாவ. ரெண்டு லைனு, 42 சென்டி அகலம். வாசல் ஒசரம் 19 சென்டி. ஆளு 165 சென்டின்னா ஸ்கேலுக்கு 7.3 சென்டி, அதனால மொதல்ல எம்சீல்ல ஒரு ஆளு பிடிச்சு வச்சுக்கிட்டேன், எந்த அளவுல சந்தேகம் வந்தாலும் அவன நிறுத்திப் பாப்பேன். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு டிராயிங் எடுத்தப்பவும் இதத்தான் சொல்லுவேன், மரம் வரையுமுன்ன பக்கத்துல ஒரு ஆள வரைங்கன்னு.

அடித்தளம் கடப்பா கல்லு. மரத்துல போட்டா கரையான் விடாது. கல்லுக்கடைல ஒடஞ்ச துண்டுதான், வெட்டித் தந்தாவ, ஹாலோபிளாக் மேல ரசமட்டம் பாத்து ஒக்காத்தியாச்சு. நடுவுல இஞ்சினுக்கு அடியில ஆளு எறங்கி வேலை பாக்குற பிட்டு, அசல்ல மூணடி ஆழம், இங்க 4 சென்டி. அதுக்குள்ள படி கூட இருக்கு. அடியில ஒரு டியூபு சொருவி தண்ணி வாழைக்குப் போற மாதிரி வச்சிருக்கேன், இல்லன்னா ஐப்பசி மழைல நெறஞ்சு கொசுப்புழு வளரும், டெங்கு செக்கிங்குக்கு வார பிள்ளைக டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டு நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிருவாவ.

சுவரு பிவிசி போர்டு, மாடுலர் கிச்சனுக்குப் போடுதாவல்ல அதேதான், 6 மில்லி. நனைஞ்சாலும் ஊறாது, பிளேடு கத்தியில வெட்டலாம், பைப்பு ஒட்டுற சொல்யூஷன்லயே ஒட்டுது. பழைய செங்கல்லு 9 அங்குலம்னா இதுல 10 மில்லி நீளம், அத ஒவ்வொன்னா கோடு கீறி எடுக்கேன். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி கீறிட்டா டைல்ஸ் ஒட்டுன பாத்ரூம் சுவரா போயிரும், அங்கங்க கோடு லேசா ஆடணும், மூலைல ரெண்டு கல்லு பேந்திருக்கணும். பெயிண்டும் அப்படித்தான், ஒரே செவப்ப அடிக்காம நாலஞ்சு செவப்பு கலந்து தனித்தனிக் கல்லுக்குத் தொட்டு வைக்கணும், கடைசில தண்ணி மாதிரி வெள்ளச் சுண்ணாம்பு நெறத்த ஊத்தித் தொடச்சா கீறுன கோட்டுல மட்டும் தங்கி சாந்து பூசுன மாதிரி நிக்குது. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, டிவி பாக்குறத விட்டாச்சு.

ஒரு விஷயம், பிவிசிக்கு வெயில்னா மூச்சு முட்டும். சித்திரைல காலைல இருந்து மத்தியானத்துக்குள்ள ஒரு மீட்டர் பலகை ஒன்றரை ரெண்டு மில்லி நீளும். ரெண்டு முனையையும் ஸ்க்ரூ போட்டு இறுக்குனா நடுவுல வளைஞ்சு நிக்கும். அதனால ஒரு முனைல மட்டும் கெட்டியா பிடிச்சு மத்த எடத்துல ஓட்டைய நீளமாக்கி விட்டிருக்கேன்.

இனிமேதான் கிட்டுல எவனும் தர முடியாத சமாச்சாரம். நம்ம ரயில்வேல ஷெட்டுத் தூணு எதுன்னு பாத்திருக்கியா? பழைய தண்டவாளம். தேஞ்ச ரெயில தூக்கிப் போட மாட்டாவ, வெட்டி தூணா நட்டிருவாவ, வேலிக்கும் அதான், நேம்போர்டுக்கும் அதான். நீ அனுப்புன பித்தளை ரெயில்ல வெட்டுப்போக மிச்சம் கெடந்த துண்டுகள அப்படியே நட்டுட்டேன். பாக்க எவ்ளோ பொருத்தமா இருக்கு தெரியுமா, அத மட்டும் தனியா போட்டோ எடுத்து அனுப்புதேன். கைமரமும் ரீப்பரும் தச்சுப் பட்டறைல பொறுக்குன தேக்குச் சில்லு, கைமரம் நாலரை மில்லி கனம்.

கூரை தகடுக்கு சிவகாசில இருந்து பழைய ஆப்செட் பிளேட்டு கெடச்சுது, அச்சடிச்சு முடிச்ச அலுமினியத் தகடு, கத்திரில வெட்டலாம். அசல் நெளிவுத் தகட்டுல ஒரு நெளிவுக்கு 3 அங்குலம், இங்க 3.4 மில்லி. சைக்கிள் ஸ்போக்க வரிசையா அந்த எடவெளில பலகைல ஒட்டி, தகட்ட மேல வச்சு இன்னொரு ஸ்போக்கால ஒவ்வொரு பள்ளமா அழுத்தி இழுத்தா நெளிவு வந்துருது. அசல் தகடு பத்தடி நீளந்தான் வரும், அதனால ஒரே தகடா போடாம 13 சென்டி துண்டா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்திப் போடணும். அந்த ஏத்தந்தான் கூரைய கூரையாக் காட்டுது.

புகைக்கு வா. இஞ்சின் நிக்குற எடத்துக்கு நேர் மேல, கூரைக்கு அடியில நீளவாக்குல தொட்டி மாதிரி கவுத்துத் தொங்கும், அதுல இருந்து புகைபோக்கி கூரையத் தாண்டி மேல போகும். கரிப்புகைல கந்தகம் இருக்கு, ஈரத்தோட சேந்தா அமிலமாகி இரும்ப அரிச்சிரும், அதனால அந்தத் தொட்டிய மரத்துலயோ ஆஸ்பெஸ்டாஸ்லயோ பண்ணுவாவ. நான் மரத்துல பண்ணிருக்கேன். உள்பக்கம் அடுப்புக்கரிப் பொடிய காஞ்ச பிரஷ்ஷால தேச்சா அப்பிடியே புகை படிஞ்ச மாதிரி, புகைபோக்கி சுத்தி இருக்க தகட்டுல மட்டும் துரு கொஞ்சம் கூடுதலா. யாரும் குனிஞ்சு பாக்கப் போறதில்லன்னு ஒங்கப்பா சொல்லுதாவ. பாக்காட்டி என்ன.

ஆடிக்காத்துக்கு என்ன பண்றதுன்னுதான் இன்னும் யோசன. செங்கோட்டைக் கணவாய்ல இருந்து வார காத்து நம்ம மொட்டை மாடி தண்ணித் தொட்டி மூடியையே கொண்டு போயிருக்கு. கூரைய கழட்டுற மாதிரியும் வேணும், பறக்கவும் கூடாது, அதனால உள்ளுக்குள்ள நாலு மூலைலயும் கொக்கி போட்டு கல்லுல முடியலாம்னு இருக்கேன். மயிலுக்கு வழியே இல்ல. அது வந்து ஒக்காந்தா அமுங்கத்தான் செய்யும், போன வாரம் ப்ளாட்பாரத்துல நின்னு பயணிகள கொத்திட்டுப் போயிருச்சு.

ஒனக்கு வாங்கித் தரணும்னே ஆசைன்னா ரெயில் கிளாம்ப் வாங்கிட்டு வா, ஸ்க்ரூ போட்டு இறுக்குறது, பித்தளைல. சும்மா சொருவுற ஜாயினரு வெயில்ல நீண்டு சுருங்கி நாளாக நாளாக லூசாகுது, அந்த எடத்துல கரண்டு போகாம இஞ்சின் நின்னு நின்னு போகுது. ஒரு டஜன் போதும், 45 மில்லி பாதைக்கு ஒசரமான ரெயிலு, 8.4 மில்லி, கடைல அளவு சொல்லிக் கேளு. பார்சல்ல அனுப்பாத, டிசம்பர்ல வரும்போது கையில கொண்டு வா.

கிட்டுக்குப் பணம் கட்டிட்டு, திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டான்னா, அங்கனயே ஒன் ஃப்ரெண்டு பையன் ரயில் வச்சிருக்கான்னு சொன்னல்ல, அவனுக்குக் குடுத்துரு. அங்க பனி கொட்டுது, அவனுக்குப் பொருந்தும். கேன்சல் ஆச்சா இல்லையான்னு ராத்திரிக்குள்ள ஒரு மெசேஜ் போடு, ஒங்கப்பா போனுக்கு இல்ல, என் போனுக்கு.

அம்மா