பழைய டிராக்டர் வாங்கறதப் பத்தி, கண்ணுக்கு

கண்ணு,

நீ அனுப்புன ரெண்டு போட்டோவும் பாத்தேன். உங்கம்மாவுக்கு அந்தப் பச்சை வண்டிதான் புடிச்சிருக்கு, நம்ம தோட்டத்து ஜான் டியர் குட்டி போட்ட மாதிரி இருக்குன்னு ஒரே சிரிப்பு. ஆனா கலரையும் சீட்டையும் பாத்து வாங்கற சாமான் இல்ல இது.

மொதல்ல நீயும் மாப்பிள்ளையும் உக்காந்து அந்த ஒரு ஏக்கர்ல என்ன வேலை இருக்குன்னு பேசுங்க. ஒரு ஏக்கர்னா நூறு சென்ட், வீடு, டிரைவ்வே, மரம் எல்லாம் போக மிச்சம்தான் புல்லு. வெறும் புல்லு வெட்டறதுன்னா ரெண்டாவது போட்டோல இருக்கற 42 இஞ்ச் அகலம் வெட்டற லான் டிராக்டரே போதும், சும்மா காச கொட்டாதீங்க. ஆனா நீ காய்கறிக்கு மண்ண ஓட்டணும்ங்கற, பென்சில்வேனியா பனிக்கு வண்டி முன்பக்கம் பிளேடு மாட்டி டிரைவ்வேல பனியத் தள்ளணும்ங்கற, அதுக்கு அது தாங்காது சாமி, கார்டன் டிராக்டர்தான் வேணும். பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும், பின் டயரப் பாரு, லான் டிராக்டருக்கு பெரும்பாலும் 20 இஞ்ச் இருக்கும், மத்ததுக்கு 23 இல்ல அதுக்கு மேல, சேஸிஸும் பின் ஆக்சிலும் நல்ல கனமா இருக்கும்.

விக்கறவன் எப்பவும் எஞ்சினப் பத்தியேதான் பேசுவான், நீ பின்னாடி பாரு. எஞ்சின் போச்சுன்னா வேற எஞ்சின் ஏத்திக்கலாம், பின்னாடி டிரான்ஸ்மிஷன் போச்சுன்னா பழைய வண்டி விலைய விட அந்தச் செலவு ஜாஸ்தியாயிரும். அந்த லான் டிராக்டர் மாதிரி சின்ன மாடல்கள்ல நிறைய டஃப் டார்க் கே46-ன்னு ஒரு ஹைட்ரோஸ்டாட்தான் (கியர் மாத்தாம ஆயில் அழுத்தத்துல ஓடற டிரான்ஸ்மிஷன்) வருது, அது லேசான வேலைக்குன்னே செஞ்சது, ஆயில் மாத்தறதுக்கே வண்டில இருந்து கழட்டணும், அதுல கலப்பை மாட்டி இழுத்தா எத்தன நாளைக்கு வரும்?

பாக்கப் போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு போன்ல சொல்லிருங்க. போனதும் எஞ்சின் மேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா எதையோ மறைக்கறான்னு எனக்கு சந்தேகம் வந்துரும். ஸ்டார்ட் பண்ணி நீலப் புகை விடாம அடிச்சா ஆயில் எரியுது. அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு எறங்கிறாதீங்க, அரை மணி நேரமாவது ஓட்டி ஆயில் நல்லா சூடானதுக்கப்புறம் மேட்டுல ஏத்துங்க, ஹைட்ரோஸ்டாட் தேஞ்சிருந்தா அப்பத்தான் இழுக்காம நிக்கும், குளுந்து கெடக்கறப்ப எல்லாமே ஜோராத்தான் ஓடும்.

அந்தப் பச்சை வண்டி ஜான் டியர் 318-ங்கற, அது 1983-லருந்து 1992 வரைக்கும் வந்த மாடல், பவர் ஸ்டீயரிங் ஹைட்ராலிக் எல்லாம் உண்டு, 18 குதிரை சக்தி ஓனன் எஞ்சின். நல்ல வண்டிதான், ஆனா அந்த எஞ்சினுக்கு பார்ட்ஸ் விலை ஜாஸ்தி, அதனால "சின்ன ரிப்பேர்தாங்க"ன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. என்னையக் கேட்டா நான் அங்க இருந்தப்ப உங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷெட்ல பாத்த வீல் ஹார்ஸ் மாதிரிதான் எடுப்பேன், அந்தக் கம்பெனிய 1986-ல டோரோ வாங்கிருச்சாம், ஆனா எட்டு கியரு, வார்ப்பு இரும்பு கோலர் எஞ்சின், ஒரே சிலிண்டர், கெட்டுப்போறதுக்கு அதுல என்ன இருக்கு? மாப்பிள்ளைக்கு கியர் போட சோம்பேறித்தனம்னா (அவர்கிட்ட இதச் சொல்லாத) ஹைட்ரோஸ்டாட்டே பாருங்க, மரத்தச் சுத்தி வெட்டறதுக்கு அதுதான் சௌகரியம்.

டெக்குக்கு, அதான் புல்லு வெட்டற பிளேட மூடியிருக்கற தகரத்துக்கு, அடில குனிஞ்சு பாரு, ஈரப்புல்லு ஒட்டி ஒட்டி தகரம் ஓட்டை விழுந்திருக்கும். எஞ்சின் ஆஃப்ல இருக்கறப்ப, சாவிய எடுத்து கைல வெச்சுக்கிட்டு, கிளவுஸ் போட்டு பிளேடப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாரு, ஆடுச்சுன்னா பேரிங் போச்சு, அத வெச்சு விலையக் கொறைக்கலாம். சீட்ட விட்டு எழுந்தா பிளேடு நிக்கணும், அதுக்குன்னு சீட்டுல இருக்கற சுவிட்ச நெறைய பேரு ஒயர் போட்டு ஏமாத்தி வெச்சிருப்பாங்க, அப்படி இருந்தா மொதல்ல அத சரி பண்ணிட்டுத்தான் ஓட்டணும். பேரன மடில வெச்சு ஓட்டற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம், அவன் எவ்வளவு அழுதாலும் சரி. உங்க வீட்டுப் பின்னாடி சரிவுல குறுக்க ஓட்டாதீங்க, மேலயும் கீழயும்தான்.

இப்ப வசந்தகாலம், எல்லாரும் வாங்கற சீசன், விலை ஏறித்தான் இருக்கும். அவசரம் இல்லேன்னா இலை உதிர்ற வரைக்கும் பொறுங்க. இல்ல இப்பவே போறோம்னா எனக்கு வீடியோ கால் போடு, இங்க நடுராத்திரியா இருந்தாலும் பரவால்ல, சீட்டுக்கு அடில டார்ச் அடிச்சுக் காட்டு, நான் பாத்துச் சொல்ற வரைக்கும் மாப்பிள்ளைய பாக்கெட்ல கை விட வேண்டாம்னு சொல்லு.

அப்பா