மரம் போர்த்திய சுவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணில் புரை எடுத்த பிறகு பொடி எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அந்தத் தைரியத்தில் நானும் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. ஆனாலும் புதுக் கட்டடம் எதையாவது பார்த்தால் சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

உங்கள் அடுக்குமாடியின் வெளிச்சுவர் முழுக்க மரப்பலகை பதிக்கலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்களாமே. "மருந்து ஏற்றிய பலகை சார், தீயே பிடிக்காது" என்று ஒப்பந்தக்காரர் சத்தியம் செய்ததாகவும் எழுதியிருக்கிறாய். தீப்பிடிக்காத மரம் என்று ஒன்று கிடையாது. மருந்து ஏற்றினால் பற்றிக்கொள்ள நேரமாகும், தீ மெதுவாகப் பரவும், அவ்வளவுதான். மருந்திலும் உப்பு வகைகள் சில மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறிவிடும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் பலகைக்கென்றே சோதித்த மருந்தா, அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றியதா, இல்லை மேலோடு பூசியதா என்று கேள்.

ஆனால் பலகையை விட அதற்குப் பின்னால் இருப்பதுதான் எனக்குப் பயம். பலகையைச் சுவரில் ஒட்டவைத்து அடிப்பதில்லை. சட்டம் அடித்து, நடுவே காற்றோட இடைவெளி விட்டுத்தான் பொருத்துவார்கள். நனைந்த மரம் காய வேண்டாமா? அந்த இடைவெளி இல்லாவிட்டால் பலகை உளுத்துப்போகும். தீ உள்ளே நுழைந்துவிட்டாலோ, அதே இடைவெளி புகைபோக்கியாகிவிடும். குறுகலான இடத்தில் எரியக் காற்று போதாமல் சுவாலை மேலே மேலே நீண்டுகொண்டே போகும். திறந்த வெளியில் அது எட்டும் உயரத்தைப் போலப் பல மடங்கு எட்டும். வெளியே நிற்பவனுக்கு எதுவும் தெரியாது, தீயணைப்பு வீரர் அடிக்கும் தண்ணீரும் அங்கே போய்ச் சேராது.

இதற்காகத்தான் ஒவ்வொரு மாடி மட்டத்திலும், ஜன்னல்களைச் சுற்றியும் தடுப்பு வைக்க வேண்டும். சாதாரண நாளில் காற்றுக்கு வழிவிட்டு, சூடுபட்டதும் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும் பட்டைகள் இருக்கின்றன. வேலை நடக்கும் இடத்தில் முதலில் விட்டுப்போவதும் இவைதான். பலகை ஏறிவிட்டால் யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? பலகை அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு மாடியையும் படம் எடுத்து சங்கத்திடம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

"பெரிய மர உத்தரம் தீயில் கூட நிற்குமே" என்று யாராவது கிளம்புவார்கள். அது உண்மைதான். தடித்த உத்தரம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் போலக் கரியும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். இருபது மில்லிமீட்டர் பலகை இரண்டு பக்கமும் பற்றி எரியும்போது காப்பாற்ற உள்ளே என்ன மிச்சம் இருக்கும்?

2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்தார்கள். அங்கே எரிந்தது மரமல்ல, நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு. அதற்கு அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேல் போகும் புதுக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருளைத் தடை செய்தார்கள். மரமும் அதில் அடக்கம். ஆனால் 18 மீட்டருக்குக் கீழே தீ ஏறாதா என்ன? 2019 ஜூனில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊர்ப்பகுதியில் ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மர பால்கனி வழியாகவே தீ மேலே ஏறி 20 வீடுகளை அழித்தது. யாரும் சாகவில்லை, பெரிய அதிர்ஷ்டம்.

வீட்டுக்குள் ஸ்பிரிங்க்ளர், அதாவது சூடுபட்டால் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய், இருக்கிறதே என்று சொல்வார்கள். நல்லதுதான். அறைக்குள் பிடிக்கும் தீ ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே வராமல் அது தடுக்கும். பால்கனியில் அணைக்காமல் போட்ட சிகரெட்டையோ, சுவரோரம் எரியும் குப்பைத்தொட்டியையோ அது என்ன செய்யும்? அதனால் தரைத்தளத்துக்கும் பால்கனிக்கும் மரமே வேண்டாம் என்பேன். அதில் விட்டுக்கொடுக்காதே. மற்ற இடங்களில் ஆசைப்பட்டால் வைக்கட்டும், பின்னால் வெப்பத்தைத் தடுக்க வைக்கும் நுரைப் பலகைக்குப் பதில் பாறைக் கம்பளி (rock wool) போன்ற எரியாத கனிமக் கம்பளி இருந்தால் சரி.

சான்றிதழைக் காட்டினால் அது பலகைக்கா, மொத்தச் சுவருக்கா என்று பார். பலகைத் துண்டைத் தனியே சோதிப்பது வேறு. சட்டம், இடைவெளி, தடுப்பு, கம்பளி எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு மாதிரிச் சுவர் எழுப்பி எரித்துப் பார்ப்பது வேறு. நான் இரண்டாவதைத்தான் நம்புவேன்.

அப்புறம், உன் பெண் படிப்பை முடித்துவிட்டாளா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே. பதில் எழுதும்போது ஒப்பந்தக்காரர் கொடுத்த வரைபடத்தையும் சேர்த்து அனுப்பு. எல்லாப் பக்கமும் வேண்டாம், சுவரின் குறுக்குவெட்டு இருக்கும் பக்கம் போதும். அப்படியொரு பக்கமே இல்லை என்றால் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சங்கத்தாரிடம் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்