அழகர்கோவில் ரோட்டுல டிஷ் மாட்டிக் கொடுத்த அண்ணனுக்கு

மாமனாருக்கு இடுப்பு ஆபரேஷன், ரொம்ப நேரம் உக்கார முடியாதுன்னு பழைய வேன்ல பெட்டு போட்டு கேரவன் மாதிரி ஆக்கிருந்தோம், பின்னாடி அவருக்கு ஒரு டிவி, முன்னாடி பிள்ளைகளுக்கு ஒன்னு. அழகர்கோவில் ரோட்டுல புளியமரத்தடியில நிப்பாட்டுனா ஒரு டிவியும் வரல. நகட்டி வெயில்ல போட்டா ஒன்னு வருது, இவுக கிரிக்கெட் போட்டா அவுக சீரியல் புட்டுக்குது.

அப்பதான் எதுத்த டீக்கடையில இருந்து நீங்க பாதி கிளாஸோட எந்திரிச்சு வந்தீக. யாரும் கூப்பிடலண்ணே. மேல ஏறி பாத்துட்டு, "ஒரு வயர ரெண்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் போட்டா இப்படித்தான்ணே, ஒரு பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பும், இன்னொன்னு 18 அனுப்பும், டிஷ் முன்னாடி சிக்னல் வாங்குற எல்என்பி ஒரு நேரத்துல ஒன்னுக்குத்தான் கேக்கும்"னீக. உங்க டிவிஎஸ் பை ரெண்டையும் கொட்டி ரெண்டு வயர் மாட்டுற ட்வின் எல்என்பி ஒன்னு தேடி எடுத்து, பாக்ஸுக்கு ஒரு வயருன்னு தனித்தனியா இழுத்து, டிஷ்ஷ நல்லா அண்ணாத்தி வச்சு (நம்ம ஊர்ல சேட்டிலைட் கிட்டத்தட்ட உச்சியில நிக்குமாமே, நான் கொஞ்சம் தணிச்சு வச்சிருந்தேன்) ஒரு மணி நேரம் அந்த வெயில்ல நின்னீக. ஓடுறப்ப வராது, நிப்பாட்டித்தான் பாக்கணும்னு பிள்ளைககிட்டயும் சொல்லிட்டீக.

காசு குடுத்தா "பெரியவர் சிரிக்கிறாருல்ல"ன்னு கிளம்பிட்டீக. பேரு கூட கேக்கல. மேலூர்ப் பக்கம் யாராச்சும் இவர தெரிஞ்சா காட்டுங்கப்பா. அண்ணே, அந்த எல்என்பி காசாச்சும் வாங்கிக்கங்க, மாமா தினம் கேக்குறாரு.