ஊசியில்லாச் சர்க்கரைப் பரிசோதனை: தடை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். விரலைக் குத்தாமலேயே இரத்தச் சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரங்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தி, எஞ்சியிருப்பவை பொறியியல் சிக்கல்கள் மட்டுமே என்கிறது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. கருவியைச் சிறிதாக்குவதும் விலையைக் குறைப்பதும் பொறியாளர் கையில் உள்ளவை. பணமும் காலமும் இருந்தால் முடியும். ஆனால், தோலுக்குள் செலுத்தும் அகச்சிவப்பு ஒளியில் குளுக்கோஸ் பதிக்கும் தடயம் மிக மெல்லியது. உடலில் நிறைந்துள்ள நீர் அதை மூழ்கடித்துவிடுகிறது. இது இயற்கை விதித்த வரம்பு. கருவி சரியாக இருந்தாலும் அளவு தவறலாம் என்பதற்கு என் அனுபவமே சான்று. பினாங்கில் ஆய்வுக்கூடப் பணியிலிருந்தபோது, பிழிந்தெடுத்த விரல் இரத்தத்தில் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டுவதையும், அதே நோயாளியின் கை இரத்த நாளத்தில் எடுத்த இரத்தத்தில் அது இயல்பாக இருப்பதையும் கண்டிருக்கிறேன். பிழியும்போது சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறுவதே காரணம். இயந்திரத்தில் குறையே இல்லை.

ஊசியின்றித் தானாகச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படியும் இவை இணையத்தில் தாராளமாக விற்கின்றன. 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) நோய் உள்ளது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, இத்தகைய கருவிகள் பற்றி எழுதும்போது, அவை நம் மருத்துவச் சாதன ஆணையத்தில் எந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவாகியுள்ளன என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

- ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர், பட்டர்வொர்த், பினாங்கு