இறுதிப் பருவம் வரை காத்திருக்கலாமா?

ஐயா,

கல்லூரி மாணவர்களின் வேலை தேடல் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சிக்கு வழிவகுத்துள்ள போதிலும், வேலை பற்றிய நினைப்பே பலருக்கு இறுதிப் பருவத்தில்தான் வருகிறது. எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்த பி.காம். மாணவர் ஒருவரின் தன்விவரக் குறிப்பில், யாருடையதைப் பார்த்து நகலெடுத்தாரோ அவருடைய தந்தை பெயர்கூட மாறாமல் இருந்தது. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலை அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை.

வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலை உதவியாளாகச் சேர்ந்து, வேலை செய்தபடியே தொழில் கற்று, அடுத்தாளாகி, கடையை நிர்வகிக்கும் மேலாளாக உயர்ந்து பர்மா வரை தொழில் நடத்திய செட்டிநாட்டுச் சீமை இது (அவ்வளவு காலம் காத்திருக்க இன்று யாரும் தயாரில்லை என்பது வேறு). இரண்டாமாண்டு கோடை விடுமுறையில் நான்கு வாரமேனும் மாணவர்கள் உள்ளூர் அலுவலகங்களிலும் கடைகளிலும் பணிபுரியக் கல்லூரிகள் ஏற்பாடு செய்து, அதற்கு மதிப்பெண்ணும் வழங்கலாம்.

– வாசகர், காரைக்குடி