நடுக்கோட்டில் இரட்டிக்கும் பந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் வட்டாரக் காற்பந்துப் போட்டிகளை இரண்டு கேமராக்களில் பிடித்து, ஒரே அகலப் படமாக ஒட்டி நேரலை தரும் குழுக்கள் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பல ஒளிபரப்புகளில், நடுக்கோட்டைத் தாண்டும் ஆட்டக்காரருக்கு இரண்டு தலை முளைக்கிறது, உயரே வரும் பந்து இரண்டாகிறது. பழி மென்பொருள்மேல் விழுகிறது. கோளாறோ பெரும்பாலும் கேமராக்களை மாட்டிய கம்பத்தின் உச்சியில்தான்.

ஒட்டும் கணக்கு திடலைத் தட்டையான தரையாகக் கொள்கிறது. அதனால் கோடுகளும் கால்களும் பொருந்தும், தரைக்கு மேலே இருப்பவை பொருந்தா. கேமரா 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 10 மீட்டர் தூரத்தில், 4 மீட்டர் உயரத்தில் வரும் பந்து, 50 மீட்டருக்கு அப்பால் தரையில் கிடப்பதாகக் கணக்காகும். லென்சுகளுக்கு இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால் பந்து தன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகித் தெரியும். குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் மாட்டினால், ஒரு முழுப் பந்து அளவுக்கு விலகும். எந்த மென்பொருளாலும் இதை முழுதாக மறைக்க முடியாது.

ஆகவே கேமராக்களை விரித்து மாட்ட வேண்டாம். இடது கேமரா வலப் பாதியையும் வலது கேமரா இடப் பாதியையும் பார்க்குமாறு குறுக்காகத் திருப்பினால், லென்சின் முகப்புகள் நெருங்கிவிடும். அளக்க வேண்டியது முகப்புகளுக்கு இடையிலான தூரத்தைத்தான், கேமராவைச் சட்டத்தில் பொருத்தும் அடித்திருகுகளுக்கு இடையிலானதை அல்ல.

105 மீட்டர் திடலுக்கு, கம்பத்தைப் பக்கக் கோட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்தினால், கிட்டத்து மூலைக் கொடிகள் இரண்டும் தெரிய ஏறக்குறைய 163 பாகை வேண்டும். 90 பாகை லென்சுகள் இரண்டும் 17 பாகை மேற்பொருந்தினால் அது கிடைக்கும். இன்னும் முன்னே நகர்த்தினால் மூலை உதைகள் படத்தில் விழா. மாலை ஆட்டமென்றால் கம்பம் மேற்குப் பக்கத்தில் இருக்கட்டும், வெயில் லென்சில் அடிக்காது.

இரு கேமராக்களின் நேரப் பொருத்தமும் முக்கியம். நொடிக்கு 25 சட்டகம் (frame) எடுக்கையில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து ஒரு சட்டகத்துக்குள் 1 மீட்டர் கடந்துவிடும். கைதட்டி ஒலியைப் பொருத்தினாலும் அரைச் சட்டகம் வரை பிசகும். ஒரே நேரத்துடிப்பில், ஒவ்வொரு சட்டகத்தையும் ஒரே கணத்தில் எடுக்கும் கேமராக்களே நல்லது. இல்லையேல் 50 சட்டகத்தில் எடுங்கள், பிசகு பாதியாகும்.

வெளிச்சம், வெள்ளைச் சமன் (white balance), குவியம் (focus) மூன்றையும் தானியங்கியில் விடக்கூடாது. ஒரு மேகம் வந்தாலே ஒட்டு தெரிந்துவிடும். விளக்கொளி ஆட்டத்தில் ஷட்டர் 1/100 நொடி, ஏனெனில் நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கக்கூடும்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெறும் புல்லை வைத்து இரு படங்களையும் பொருத்த முடியாது. மேற்பொருந்தும் பகுதியில் கிட்டேயும் நடுவிலும் எதிர்க்கோட்டிலும் கூம்புகள் வைத்துச் சரிபார்க்க, ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் திடலைக் காலியாக விடுங்கள். காற்றில் கம்பம் அசைந்திருக்கக்கூடும் என்பதால், இடைவேளையிலும் 5 நிமிடம் ஒதுக்குங்கள்.

விளையாட்டுக் காணொளிக் குழுவினர்,
செந்தூல், கோலாலம்பூர்