போத்ருமில் ரூம் போடும் முன் நாங்கள் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தக் கோடையில் துருக்கியின் போத்ருமுக்குப் போக விசாரித்த எல்லோரிடமும் எங்கள் அலுவலகத்தில் சில கேள்விகள் கேட்டிருப்போம். கூட வருகிறவர்களில் வயதானவர்கள் உண்டா, கைக்குழந்தை உண்டா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், நீச்சல் தெரியுமா, கையில் வேறு நாட்டு விசா இருக்கிறதா. "ரூம் போடச் சொன்னால் ஜாதகம் கேட்கிறீர்களே" என்று ஒருவர் சிரித்தார். ஏன் கேட்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

இணையத்தில் போத்ரும் என்ற பெயரில் விற்கப்படும் ஓட்டல்கள் ஏஜியன் கடலுக்குள் நீளும் ஒரு தீபகற்பம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சுற்றிலும் சின்னச் சின்ன விரிகுடாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். எந்த விரிகுடாவில் தங்குகிறீர்கள் என்பதுதான் விடுமுறை எப்படி அமையும் என்பதைத் தீர்மானிக்கும். ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அப்புறம்.

போத்ரும் நகரம் என்றால் நடுவில் கோட்டை, இருபக்கமும் கடல். மேற்கே படகுத்துறை, கிழக்கே கும்பாச்சே. கும்பாச்சே பக்கம் கடலையொட்டி ஓடும் ஜும்ஹூரியெத் தெருவை ஊரே 'பார் தெரு' என்றுதான் சொல்கிறது. கோடையில் அங்கே விடிய விடியப் பாட்டும் கூட்டமும்தான். இளவட்டங்கள் நாலு பேர் சேர்ந்து போனால் இதைவிட நல்ல இடம் இல்லை; எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம். அம்மா அப்பாவோடு போகிறவர்கள் அதே தெருவில் ரூம் எடுத்தால் தூக்கம் போச்சு.

காற்றாலைகள் நிற்கும் மேட்டைத் தாண்டினால் கும்பெத். மணல் கரை, ஆழமில்லாத தண்ணீர். அதனால் பல தளங்களில் இதைக் குடும்பங்களுக்கு ஏற்ற கடற்கரை என்று போட்டிருக்கும். பகலுக்கு அது சரிதான். இரவில் பிரிட்டிஷ் இளைஞர் கூட்டமும் பார்களும் நிறைந்த ஊர் அது. விளம்பரத்தில் இரவு பற்றி ஒரு வரி இருக்காது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது பிதெஸ். கும்பெத்துக்கு அடுத்த விரிகுடாதான். ஆழம் குறைவு, பின்னால் மாண்டரின் ஆரஞ்சுத் தோப்புகள், கரையோரம் தண்ணீரைத் தொட்டாற்போல மெத்தை போட்ட உணவகங்கள். இன்னும் மேற்கே துர்குத்ரெய்ஸ்: சனிக்கிழமைச் சந்தை, கடலில் இறங்கும் சூரியன், கொஞ்சம் சாதாரண விலை. யாலிகவாக்கில் பெரிய சொகுசுப் படகுகள் நிற்கும் துறையும் வியாழக்கிழமைச் சந்தையும் உண்டு, காற்று அதிகம். துர்க்புகூ என்ற ஊர் இஸ்தான்புல் பணக்காரர்களின் இடம். அங்கே மணலைத் தேடாதீர்கள்; கடலுக்குள் நீட்டிய மரத்தட்டில் படுக்கை போட்டு, அதற்குக் குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். கேட்டால் ஏற்பாடு செய்வோம். நாங்களாகச் சொல்வதில்லை.

குமுஷ்லுக்கில் தங்க வேண்டாம், ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். பழைய மிந்தோஸ் நகரம் இருந்த இடம் அது. அதன் சுவர்களில் ஒரு பகுதி இன்று தண்ணீருக்கடியில் கிடக்கிறது. கரையிலேயே மீன் சாப்பாடு. மீனை எடை போட்டுத்தான் விலை சொல்வார்கள். எனவே அடுப்புக்குப் போகும் முன், தட்டில் இருக்கும் அந்த மீனைக் காட்டி மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது விசா. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் ஷெங்கன் (கிரேக்கம் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவானது), அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால், இணையத்திலேயே எடுக்கும் துருக்கி இ-விசா கிடைக்கும். அந்த ஆதாரமே ஒரு இ-விசாவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். வேறு எந்த விசாவும் இல்லாதவர்கள் முறையாக விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா வாங்க வேண்டும்; அதற்கு நாள் பிடிக்கும். நீங்களே இ-விசா எடுப்பதானால் அரசாங்கத் தளத்தில் எடுங்கள். முகவரி '.gov.tr' என்று முடிய வேண்டும். அதே சாயலில் இருக்கும் மற்ற தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போத்ரும் துறையில் நின்றால் கிரேக்கத்தின் கோஸ் தீவுக்குப் படகு கிளம்புவதைப் பார்க்கலாம். சுமார் ஒரு மணி நேரப் பயணம், காலையில் போய் மாலையில் திரும்பலாம். பார்க்கிற எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் இந்தியர்களுக்கான துருக்கி இ-விசா ஒரே ஒரு நுழைவுக்குத்தான். ஷெங்கன் விசா கையில் இருக்கிறதே என்று கோஸ் போய்விட்டால், திரும்பித் துருக்கிக்குள் வர விசா இருக்காது. உங்கள் பெட்டியெல்லாம் போத்ரும் ஓட்டலில், நீங்கள் கிரேக்கத்தில். கோஸ் போகும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், பயண வரிசையையே மாற்றி அமைக்கலாம்.

விமானத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். இஸ்தான்புல்லில் இரண்டு விமான நிலையங்கள், ஒன்று ஐரோப்பியக் கரையில், மற்றது ஆசியக் கரையில். மலிவு டிக்கெட்டைத் தேடி நீங்களே பதிவு செய்யும்போது, இறங்குவது ஒன்றிலும் போத்ரும் விமானம் ஏறுவது இன்னொன்றிலும் ஆகிவிடலாம். போத்ரும் விமான நிலையமும் ஊருக்குள் இல்லை. மிலாஸ் பக்கம், சுமார் 36 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து நகரப் பேருந்து நிலையத்துக்கு பஸ் உண்டு.

இனி நீச்சல் கேள்வி. மெரினா அலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கடல் குளம் போலத் தெரியும். அலை சின்னது, அடி தெரியும் தெளிவு. பயம் விட்டுப்போவதுதான் ஆபத்து. துறையிலிருந்து தினமும் காலையில் கிளம்பும் படகுச் சுற்றுலாக்கள் கராடா தீவு, அக்வாரியும் விரிகுடா என்று நாலைந்து இடத்தில் நங்கூரம் போடும். அங்கெல்லாம் கரையில் இறங்குவதில்லை; படகிலிருந்தே நேராக ஆழத்தில் குதிக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். படகிலும் இரண்டு ரகம்: பாட்டும் நுரை ஆட்டமுமாக ஒன்று, அமைதியாக ஒன்று. டிக்கெட் விற்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். பிற்பகலில் 'மெல்தெம்' என்ற வடக்குக் காற்று எழும்பும். திரும்பும்போது படகு ஆடும், வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பல கரைகளில் கூழாங்கல்தான், பாறையோரம் கடல் முள்ளெலி இருக்கும். ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

ஊருக்குள் சுற்ற தோல்முஷ் என்ற மினி பஸ் போதும். போகும் ஊர் பெயர் முன் கண்ணாடியில் இருக்கும். சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடம் வந்ததும் "இனெஜெக் வார்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் ஓட்டுநர் நிறுத்துவார்.

சாப்பாட்டில் சைவம் கஷ்டமில்லை, கேட்கத் தெரிய வேண்டும். "எத் யோக், தாவுக் யோக், பாலிக் யோக்" என்றால் இறைச்சி, கோழி, மீன் மூன்றும் வேண்டாம் என்று புரியும். பருப்பு சூப்பில்கூட எலும்புச் சாறு சேர்ப்பது உண்டு, கேட்டுவிடுங்கள். அந்த ஊர்ச் சிறப்பு பூசணி வகைப் பூவுக்குள் அரிசி அடைத்துச் செய்யும் தோல்மா. மஞ்சள் இதழ் மடித்து, எலுமிச்சை பிழிந்து குளிரக் குளிர வரும். பெரும்பாலும் சைவம்தான், இருந்தாலும் கேளுங்கள். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கல்லில் சுடும் கோஸ்லெமே வயிற்றை நிரப்பும். அய்ரான் நம்மூர் உப்பு மோர்தான். அசைவம் சாப்பிடுகிறவர்களில் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: 'தானா' என்றால் மாடு, 'குஸு' என்றால் ஆட்டுக்குட்டி. ஊர் பெருமை பேசும் சோகெர்த்மே கெபாப், நூல்போலச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கின் மேல் தயிரும் மாட்டிறைச்சியும் போட்டது.

பார்க்க வேண்டியது கோட்டை. 15ஆம் நூற்றாண்டில் புனித ஜான் வீரர்கள் என்ற கிறித்துவப் போர்வீரர் அமைப்பினர் கட்டியது. பழைய மௌசோலியத்தின், அதாவது மௌசோலஸ் என்ற பண்டைய ஆட்சியாளரின் கல்லறையின், கற்களையும் பெயர்த்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே கடலடித் தொல்லியல் அருங்காட்சியகம். 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் கண்ணில் பட்டது உலுபுருன் கப்பல், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம் என்று ஏற்றிய சரக்கோடு மூழ்கியிருந்தது. கோட்டைக்கும் அருங்காட்சியகத்துக்கும் நிதானமாக அரை நாள் ஒதுக்குங்கள். மௌசோலியம் இருந்த இடத்துக்கு அரை மணி போதும். ஏழு அதிசயங்களில் ஒன்று என்று எதிர்பார்த்துப் போனால் பள்ளமும் உடைந்த தூண்களும்தான் இருக்கும். நல்ல சிற்பங்கள் லண்டனில்.

கார்டு தேய்க்கும்போது ரூபாயா, துருக்கிப் பணமான லீராவா என்று கேட்டால் லீரா என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். அவசரத்துக்கு எண் 112.

மாதம் என்று கேட்டால் எங்கள் வாக்கு ஜூனுக்கும் செப்டம்பருக்கும்தான். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் விலையும் உச்சம். பக்ரீத் விடுமுறை எந்த வாரம் வருகிறதோ அந்த வாரம் துருக்கியே அங்கே இறங்கிவிடும், சாலை நகராது.

ஆகவே கேள்விகளுக்கான பதில்களோடு பாஸ்போர்ட் முதல் பக்கம், இருக்கும் விசா ஆகியவற்றின் நகலையும் வாட்ஸப்பில் அனுப்பிவையுங்கள். விரிகுடாவை முதலில் பேசி முடிவு செய்வோம், பிறகு ஓட்டல் பட்டியல் வரும். முன்பணம் அதற்கு அப்புறம் கட்டினால் போதும்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகத்தார்